பின்பக்கம் உட்கார்ந்துபோன கார்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், எலெக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்திருக்கும் தங்கைக்கும்,

ஓய்வு பெற்ற போர்மேன் என்றால் ஏதாவது சாதனையைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும் என்று உங்கள் முதலாளி சொல்லிவிட்டார். நானும் இரண்டு நாள் உட்கார்ந்து என் சாதனைகளைத் தேடினேன். முப்பத்தைந்து வருஷத்தைக் கிளறியதில் கிடைத்தவை பெரும்பாலும், நான் செய்த தப்பை வேறு யாராவது சரிசெய்த கதைகள்தான். அதில் ஒன்றை எழுதுகிறேன். எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்கள் போனிலேயே வேண்டிய அளவு வீடியோ இருக்கிறது. இந்தக் கதையே அப்படி ஒரு வீடியோவில்தான் தொடங்குகிறது.

திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி வைத்திருந்தவர் ஒருவர். எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவரிடம் பன்னிரண்டு வருஷப் பழைய வெளிநாட்டுக் கார் இருந்தது. பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் காற்றுப் பைகள். கம்பிரஸர் காற்றை ஏற்றும், வண்டி நிமிரும். வால்வு காற்றை விடும், வண்டி இறங்கும். புதிதாக இருந்தபோது மேகத்தில் போவதுபோல இருக்கும் என்று அண்ணாச்சி சொல்லுவார். ரப்பருக்கு வயதாகும் என்பதை மட்டும் விற்றவர்கள் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஒரு புதன்கிழமை காலையில் போன் வந்தது.

“போர்மேன், வண்டி பின்னால உக்காந்துருச்சு. வீட்டுக்கு வந்து பாத்துக் குடுத்துட்டுப் போயிருங்க.”

“ரெக்கவரி வண்டி அனுப்புறேன் அண்ணாச்சி. இதெல்லாம் பட்டறையில லிப்ட்ல ஏத்திப் பாக்குற வேலை.”

“அது ஆகாது. வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். நாளைக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் போகுது. இன்னைக்கு இதத் தூக்கிக் கட்டி பஜார் வழியா இழுத்துக்கிட்டுப் போனா, மத்தியானத்துக்குள்ள கம்பெனியே உக்காந்துருச்சுன்னு பேசுவாக. சம்பந்தி வீடு சாத்தூருல இருக்கு. பேச்சு அம்புட்டுத் தூரம் போக எம்புட்டு நேரமாகும்னு நினைக்கீக?”

அதாவது, காற்றுப் பையில் ஓட்டை விழுந்தால் ஒரு குடும்பத்தின் மானத்திலும் ஓட்டை விழுந்துவிடும் என்பது கணக்கு. நான் அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கடைசியாக ஒன்று சொன்னார்: “உங்கள விட்டா இந்தப் பக்கத்துல இந்த வண்டிய யாரு தொடுவா.” தம்பிகளே, பட்டறை வாழ்க்கையில் மிகவும் ஆபத்தான வாக்கியம் அதுதான். பெட்ரோல் கசிவைக்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன். அரை மணி நேரத்தில் கருவிகளை பைக்கில் கட்டிக்கொண்டு விருதுநகரிலிருந்து கிளம்பிவிட்டேன்.

போர்டிகோவில் கார் பின்பக்கத்தைத் தரையில் வைத்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. டேஷ்போர்டில் இருந்த இருக்கன்குடி மாரியம்மன் படம்கூட வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜெயபால் நின்றார். அண்ணாச்சியின் மனைவியுடைய தம்பி. அவர் முந்தின நாளே வேலையை முடித்து வைத்திருந்தார். வேலை என்றால், இணையத்தில் இரண்டு காற்றுப் பைகளை வரவழைத்து, பன்னிரண்டு நிமிஷ வீடியோ ஒன்றைப் பார்த்து, வலப்பக்கப் பையை மாற்றி, அதில் காற்றே ஏற்றாமல் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி உட்கார வைத்திருந்தார். வெறும் பை மடிந்து, வண்டியின் எடை முழுவதும் மடிப்பில் விழுந்து, புத்தம் புதிய பை வாயைப் பிளந்துவிட்டது.

“வீடியோவுல சரியாத்தான் சார் வந்துச்சு” என்றார்.

“வீடியோவ முழுசாப் பாத்தீகளா?”

“நடுவுல கொஞ்சம் ஓட்டிவிட்டேன்.”

நான் சிரித்தேன். அந்த நடுப்பகுதியில்தான் காற்று ஏற்றச் சொல்லியிருப்பார்கள் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். பந்தல் போட வந்தவர்கள் ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். அடுத்தவன் தப்பில் நின்றுகொண்டு பார்த்தால் நம் உயரம் நமக்கே பெருமையாக இருக்கும். அன்று நான் ஏழடி இருந்தேன்.

சிரிக்காத ஆள் ஒருவர் அங்கே இருந்தார். வீட்டு டிரைவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. கார் ஓட்ட வருவதற்கு முன் இருபது வருஷம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “பேட்டரி வயரக் கழத்தலையா?”

நான் கம்பிரஸரின் ரிலேயை உருவிக் கையில் வைத்திருந்தேன். அதை அவரிடம் காட்டினேன். “இது இல்லாம கம்பிரஸர் ஓடாது. பேட்டரியக் கழத்தினா கடிகாரத்துல இருந்து கண்ணாடி வரைக்கும் எல்லாத்தையும் மறுபடி செட் பண்ணணும். அது வேண்டாத வேலை.”

“சரி. சாவி யாருகிட்ட இருக்கு?”

“எங்கிட்டதான்.”

“இன்னொரு சாவி?”

“அண்ணே, இது வெடிமருந்து இல்ல. வெறும் காத்து” என்றேன்.

பந்தல்காரர்கள் அதற்கும் சிரித்தார்கள். டிரைவர் நகர்ந்துவிட்டார். எனக்கு வெற்றி.

வலப்பக்கத்துக்கு மீதமிருந்த புதுப் பையை மாட்டினேன். வண்டியை இரும்பு ஸ்டாண்டுகளில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, முறையாகவே செய்தேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வந்தது வேலை முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு. பைக்குப் போகும் காற்றுக் குழாயின் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். பட்டறையாக இருந்தால் லிப்ட். போர்டிகோவில் கீழே படுத்துத்தான் போக வேண்டும். அதற்கு வண்டி உயரமாக இருந்தால் வசதி.

அங்கேதான் என் அனுபவம் உதவிக்கு வந்தது. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஒரு சின்னக் கம்பி. அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, அது கோத்திருந்த சென்சாரின் சின்னக் கையை மட்டும் விரலால் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால், வண்டி தாழ்ந்து கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். நம்பி, காற்றை ஏற்றிக்கொண்டே போகும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வித்தை. நானே கண்டுபிடித்தது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ரிலேயைப் போட்டு, எஞ்சினை ஓட்டி, வண்டியிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன். வலப்பக்கம் நன்றாகத் தூக்கி நின்றது. எஞ்சினை நிறுத்தி மறுபடி ரிலேயை உருவினேன். ஸ்டாண்டுகள் வழியில் கிடக்கின்றன என்று பந்தல்காரர்கள் அவற்றை முன்பே ஓரமாக எடுத்துப் போட்டிருந்தார்கள். போட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நிமிஷ வேலைதானே.

நான் கீழே போகும்போது டிரைவர் ஒரு பலகையையும் அதன் மேல் ஸ்டெப்னி டயரையும் வலது பின்கதவுக்குக் கீழே, வண்டி அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, ஸ்டெப்னியத் தூங்கப் போடுறீகளா?”

“இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு இடைஞ்சலா இருந்தாச் சொல்லுங்க, எடுத்துருதேன்.”

இடைஞ்சலாகத்தான் இருந்தது. சொல்லச் சோம்பலாக இருந்ததால் சொல்லவில்லை. என் சோம்பலால் யாருக்காவது நன்மை விளைந்தது என்றால் அந்த ஒரு தடவைதான்.

நுரையைத் தடவினேன். கசிவில்லை. திரும்பிப் படுக்கும்போது முழங்கை எதிலோ பட்டது. அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பட்டது நான் தள்ளி வைத்திருந்த அந்தச் சின்னக் கை. அது மறுபக்கம் சாய்ந்து, வண்டி ரொம்ப உயரத்தில் நிற்கிறது என்று இப்போது வேறொரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லாதவரை பொய்யால் கெடுதல் இல்லை. வண்டி தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் ஜெயபாலுக்கு டிக்கியில் இருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டாவது சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. டிக்கியைத் திறந்தார். வண்டியின் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது.

தலைக்கு மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம். அடுத்து ஸ்ஸ் என்று நீளமாக ஒன்று. கம்பிரஸர் இல்லாவிட்டால் வண்டியால் காற்றை ஏற்ற முடியாது, சரி. ஆனால் இறக்குவதற்குக் கம்பிரஸர் எதற்கு, வால்வு திறந்தால் போதுமே. முப்பது வருஷம் அனுபவம் உள்ள போர்மேனுக்கு இந்த ஞானம் வண்டி நெஞ்சுக்கு மேல் இறங்கி வரும்போது கிடைத்தது. வெளியே உருளப் பார்த்தேன். தோள் வந்துவிட்டது. தலை வரவில்லை.

பிறகு ஒரு முனகலோடு வண்டி நின்றது. ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்துவிட்டது. என் நெஞ்சுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி கூட இல்லை. இடது கை எங்கேயோ சிக்கிக்கொண்டது. அப்போதுதான் எஞ்சின் ஓடி நின்ற வண்டி, சைலன்ஸர் குழாய் சூடாக இருந்தது. அது என் வலது காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலையை நகர்த்த இடமில்லை. முடி கருகும் வாசனை முதலில் வந்தது. வலி பிறகுதான் வந்தது.

அடுத்த ஒரு நிமிஷம் வெளியே எல்லோருக்கும் யோசனை பொங்கியது. பந்தல்காரர்கள் பம்பரைப் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று கூடினார்கள். ஜெயபால், “எஞ்சின ஸ்டார்ட் பண்ணினா தானா ஏறிரும்” என்றார். வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த அண்ணாச்சி, “வண்டிய முன்னால தள்ளுங்கலே” என்றார். மூன்றில் எதைச் செய்திருந்தாலும் வண்டி பலகையை விட்டு வழுக்கியிருக்கும். இந்தக் கடிதம் உங்களுக்கு மிச்சமாகியிருக்கும். எனக்கு இது எல்லாம் கேட்டது. பேசத்தான் முடியவில்லை.

அப்போது டிரைவரின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை.

“யாரும் வண்டியத் தொடாதீக. கையை எடுங்க.”

எடுத்தார்கள்.

“ஜெயபாலு, அந்தச் சாவியக் குடுங்க. போர்மேன் வச்ச இன்னொண்ணு இங்கன சன்னல்ல இருக்கு. அண்ணாச்சி, நீங்க ரெண்டையும் எடுத்துக்கிட்டுத் தெரு முக்குல போய் நில்லுங்க.”

“நானா? நான் எதுக்குலே தெருவுக்குப் போகணும்?”

“சாவி கிட்ட இருந்தா வண்டி முழிச்சிக்கிடும். நீங்க வச்சிருந்தா யாரும் பிடுங்க மாட்டாக. வெரசாப் போங்க.”

திருத்தங்கலில் ஒரு முதலாளி, தன் டிரைவர் சொன்னதைக் கேட்டு, இரண்டு சாவிகளோடு தெருமுனையில் போய் நின்றார். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

“பந்தக்காரங்களப் பூராம் கூட்டிக்கிட்டு வெளிய போங்க ஜெயபாலு. இங்கன மூணு பேருக்கு மேல நிக்கக் கூடாது. அக்கா, நீங்க மட்டும் இருங்க. பெரியசாமி, நீ அந்த ஜாக்கிய எடுத்துட்டு வா.”

பெரியசாமி பந்தல்காரர்களில் ஒருவர். அக்கா என்றது அண்ணாச்சியின் மனைவியை. பட்டுச்சேலையோடு தரையில் குப்புறப் படுத்து என் முகத்துக்கு நேராக போன் விளக்கைப் பிடித்தது அவர்தான்.

“மூச்சு விட முடியுதா?” என்று கேட்டார்.

“கொஞ்சம்.”

“கொஞ்சம் போதும். பேசவும் வேணும். அவரு என்னமோ கேக்காரு பாருங்க.”

டிரைவர் மறுபக்கம் குனிந்திருந்தார். “போர்மேன், இந்த வண்டியப் பத்தி எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். ஜாக்கிய எங்கன வைக்க?”

காது வெந்துகொண்டிருந்தது. எப்படியாவது சீக்கிரம் தூக்கினால் சரி என்று, வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். “சக்கரத்துக்கிட்ட, கீழ் ஆர்முக்கு அடியில.”

அவர் உடனே செய்யவில்லை. அந்தச் சூட்டில் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனால் அவர் அவசரப்படாமல் என்னிடமே திருப்பிக் கேட்டார்: “அங்கன வச்சா சக்கரந்தானே ஏறும்? பாடி ஏறுமா? இன்னொரு வாட்டி யோசிச்சுச் சொல்லுங்க. நான் நிக்கேன்.”

யோசித்தேன். அவர் சொன்னதுதான் சரி. காற்றில்லாத பக்கம், சக்கரத்தைத் தாங்கும் அந்த ஆர்மைத் தூக்கினால் முதலில் சக்கரம்தான் ஏறும். ஜாக்கி சாயும். “இல்ல. பின்கதவுக்குக் கீழ, ஸ்டெப்னிக்கு முன்னால, ஒரு தடிச்ச ரப்பர் கட்டை இருக்கும். அதுல வைங்க.”

“கதவுக்குக் கீழ. ஸ்டெப்னிக்கு முன்னால. ரப்பர் கட்டை” என்று திருப்பிச் சொன்னார். “இது சரிதானா?”

“சரிதான்.”

“தரை கிரானைட்டு. ஜாக்கி வழுக்கும். அக்கா, சாக்கு இருக்கா?”

அரிசிச் சாக்கு வந்தது. ஜாக்கியை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு அடியாக ஏற்றினார்கள். ஒரு விரல் உயரம் ஏறியதும் நிறுத்தி, பெரியசாமி ஸ்டாண்டை அடியில் வைத்தார். மறுபடி ஒரு விரல். மறுபடி ஸ்டாண்டை உயர்த்தினார். அக்கா இடையிடையே, “இன்னும் கொஞ்சந்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ஆறுதலுக்குச் சொன்ன பொய். எல்லாப் பொய்யும் ஒன்றில்லை. கடைசியில் நான் வெளியே வந்து கிரானைட் தரையில் உட்கார்ந்தேன். என் வலது காதின் மேல்பகுதி ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கு இப்போது விடை தெரிந்திருக்கும்.

அண்ணாச்சி தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார். என்னைப் பார்த்தார். உண்மையிலேயே பதறித்தான் போயிருந்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தண்ணீர் கொடுக்கச் சொன்னார், காதுக்கு மருந்து வாங்க ஆள் அனுப்பினார். அதெல்லாம் முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப வண்டி நாளைக்கு ஓடிருமா?”

தம்பிகளே, தங்கையே, இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது இனிமேல்தான் வருகிறது. அதுவும் பாதிதான்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கம்பியை அதன் இடத்தில் கோத்தேன். ஓட்டிப் பார்க்கவில்லை. வலது பையும் ஜெயபால் வரவழைத்த அதே பொட்டலத்தில் வந்தது. இடப்பக்கம் இன்னும் பன்னிரண்டு வருஷப் பழைய பைதான். வண்டி உட்கார்ந்த வேகத்தில் அடியில் எது நசுங்கியது என்று லிப்டில் ஏற்றாமல் தெரியாது. இவ்வளவும் தெரிந்திருந்தும், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்ததும், ‘மெதுவாப் போனா ஓடிரும் அண்ணாச்சி’ என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. ஒருவரிடம் அசிங்கப்பட்ட பிறகு அவருக்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் வரும் பாருங்கள், அது.

அக்கா குறுக்கே வந்தார். “ஓடும்னு எழுதிக் குடுப்பீகளா?”

வாயை மூடினேன். “மாட்டேன்” என்றேன்.

“அப்ப இந்தப் பேச்சு முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, சேலையில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அண்ணாச்சி அன்று முழுவதும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்குக் காரியாபட்டியிலிருந்து வந்திருந்த ஓர் உறவினரின் சின்ன வெள்ளைக் காரில் பூக்கட்டி அனுப்பினார்கள். ஊர் என்ன பேசியது என்று கேட்கிறீர்களா? பந்தியில் ஐஸ்கிரீம் பாதியிலேயே தீர்ந்துவிட்டதைப் பற்றி ஒரு வாரம் பேசியது. காரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி, ரெக்கவரி வண்டியில் ஏற்றி, பஜார் வழியாகத்தான் நம் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகும் அவர் கம்பெனிக்குக் காலண்டர் ஆர்டர் வந்துகொண்டுதான் இருந்தது. லிப்டில் ஏற்றிப் பார்த்தபோது இடப்பக்கக் காற்றுக் குழாய் நசுங்கி, ஒரு நூல் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி மீதிப் பாதி.

பட்டறைக்குத் திரும்பியதும் எல்லோரும் சுற்றி நின்று என்ன நடந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். ஜெயபால், சாவி, தெருமுனை எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெப்னியை யார் வைத்தது என்று ஒருவர் கேட்டார். “வேற யாரு வைப்பா?” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நானே வைத்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவர்களாகவே புரிந்துகொண்டார்கள், நானும் புரியவிட்டேன். அதற்கடுத்த வாரம் லிப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை வந்தது. நீங்கள் தினமும் பார்க்கிற அதே பலகை: ‘காற்று சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில் போகும் முன் பேட்டரியைக் கழற்று, சாவிகளை அப்புறப்படுத்து, சக்கரத்தை அடியில் வை.’ கீழே என் பெயர், போர்மேன் விதி என்று.

ஒரு வருஷம் கழித்து அந்த டிரைவர் வேறொரு வேலையாக நம் பட்டறைக்கு வந்தார். அண்ணாச்சி வேறு வண்டி வாங்கியிருந்தார், இந்தத் தடவை சுருள் ஸ்பிரிங். காத்திருந்த நேரத்தில் அவர் பலகையைப் படித்தார். நம் ஆள் ஒருவர் பெருமையாக, “எங்க போர்மேன் சொந்த அனுபவத்துல போட்ட விதி. இதால அவரு உயிரே தப்புச்சு” என்று விளக்கினார். நான் நாலடி தூரத்தில் ஒரு பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். வேலை ஒன்றும் இல்லாத பானட்.

டிரைவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

“சரியாத்தான் எழுதியிருக்காரு” என்றார். “எல்லாரும் பாக்குற இடத்துல மாட்டியிருக்கீக. நல்லது.”

டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்தார். போய்விட்டார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஆலை வேலையிலோ வண்டியிலோ எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது.

பலகை சுவரில் இருக்கட்டும். அதில் உள்ள மூன்று வரியில் ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை, மூன்றும் அவர் அன்று போர்டிகோவில் கேட்டவையும் செய்தவையும்தான். என் பெயரை மட்டும் இன்றே சுரண்டிவிடுங்கள். அந்த இடத்தில் அவர் பெயரை எழுதச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பெரியசாமியின் பெயர் தெரியும், ஜெயபாலின் பெயர் தெரியும், என் உயிரைக் காப்பாற்றியவரின் பெயரை நான் கேட்டதே இல்லை.